பழைய கம்ப்யூட்டர் பெட்டி முரண்டு பிடிக்கிறதா? உள்ளே இருப்பதை வெளியே எடுக்கும் வழி

கடலூர் திருப்பாப்புலியூரில் பெரியப்பா நடத்திய அச்சகத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பென்டியம் 4, 845 போர்டு, 256 எம்பி ராம், 40 ஜிபி ஐடிஇ ஹார்டு டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் வருஷக்கணக்காக அதில்தான் ஓடின. அச்சகத்தைக் காலி செய்யும்போது "அதுல இருக்கிறதையெல்லாம் எடுத்துக் குடுடா" என்று என் தலையில் கட்டிவிட்டார். ஒரு நாள் வேலை என்று நினைத்து ஆட்டோவில் ஏற்றி மஞ்சக்குப்பம் கொண்டுவந்தேன். பதினோரு நாள் ஆனது. அந்தப் பதினோரு நாளில் பட்டதும், அதற்கு முன்னால் சொந்தக்காரர்கள் வீட்டுப் பெட்டிகளில் பட்டதும்தான் கீழே இருக்கிறது. உங்கள் பெட்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

போவதற்கு முன் ஒன்று. நமக்கு வேண்டியது கோப்புகள்தான், பெட்டி இல்லை. அதைப் பழையபடி ஓட வைக்கிறேன் என்று இறங்கினால் கோப்பும் போகும், பெட்டியும் போகும். அத்தை வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று ஒரு கடையில் கொடுத்தார்கள். "ஃபார்மட் போட்டுடறேன், டி டிரைவ்ல இருக்கிறது எதுவும் போகாது" என்றார்களாம். அவர்கள் சொன்னது உண்மைதான், டி டிரைவில் எதுவும் போகவில்லை. ஆனால் பேரன் பிறந்த போட்டோவெல்லாம் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில் இருந்தது. டெஸ்க்டாப்பும் மை டாக்குமென்ட்ஸும் சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன என்பதை யாரும் அத்தைக்குச் சொல்லவில்லை, அத்தையும் கேட்கவில்லை. அதனால் யார் என்ன சொன்னாலும், எல்லாவற்றையும் எடுக்கும்வரை ஃபார்மட், ரீஇன்ஸ்டால், டிஃப்ராக் (கோப்புத் துண்டுகளை வரிசையாக அடுக்குவது) மூன்றுக்கும் சரி என்று வாயைத் திறக்காதீர்கள். எடுப்பதும் எப்போதும் காப்பிதான், கட் செய்து பேஸ்ட் வேண்டவே வேண்டாம், பாதியில் கரண்ட் போனால் எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

சுவிட்ச் போட்டால் சத்தமே இல்லை

பவர் கேபிளை மாற்றிப் பாருங்கள், சிபியு பின்னால் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையில் இருக்கும் சின்ன சுவிட்சைப் பாருங்கள். அப்படியும் உயிர் வரவில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் போயிருக்கலாம், போர்டில் கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கலாம், அதெல்லாம் நமக்கு எதற்கு. பெட்டி செத்தாலும் டிஸ்க் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். நேராக டிஸ்க்கைக் கழற்றும் பகுதிக்குப் போங்கள்.

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு, பீப் பீப் என்று கத்துகிறது

நம் ஊரில் இதற்கு முக்கால்வாசி நேரம் உப்புக்காற்றுதான் காரணம். கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்ட் டவுனில், ஒரு வீட்டில் ராமை உருவிப் பார்த்தேன், தங்க நிறத்தில் இருக்க வேண்டிய பற்களில் பச்சையாகப் பாசி பிடித்த மாதிரி இருந்தது. கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு, ராமின் இரண்டு முனையிலும் இருக்கும் கொக்கியை விலக்கி வெளியே எடுங்கள். பள்ளிக்கூடப் பென்சில் ரப்பரால் அந்தப் பற்களை இரண்டு பக்கமும் மெதுவாகத் தேயுங்கள், தூளை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். பெரியப்பா பெட்டி இந்த ரப்பரிலேயே எழுந்துகொண்டது, அப்போது வேலை முடிந்தது என்று நினைத்துச் சிரித்தேன்.

எஃப்1 அழுத்து என்று நிற்கிறது, தேதி 2002 காட்டுகிறது

போர்டில் ரூபாய் நாணயம் மாதிரி ஒரு வட்ட பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். அது தீர்ந்திருக்கிறது. மாற்றினாலும் சரி, மாற்றாமல் எஃப்1 அழுத்தித் தேதியை மட்டும் திருத்திவிட்டு வேலை பார்த்தாலும் சரி. காப்பி எடுக்கும்போது கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட தேதி அப்படியே கூட வரும், பயப்பட வேண்டாம்.

விண்டோஸ் வரும்போதே ரீஸ்டார்ட் ஆகிறது, அல்லது என்டிஎல்டிஆர் மிஸ்ஸிங் என்கிறது

விண்டோஸ் கெட்டிருக்கிறது, அவ்வளவுதான், கோப்புகள் இருக்கும். ஆன் செய்ததும் எஃப்8 தட்டிக்கொண்டே இருந்தால் சேஃப் மோடு கேட்கும், அதில் நுழைய முடிந்தால் அங்கிருந்தே காப்பி எடுக்கப் பார்க்கலாம். நீலத் திரையில் டிஸ்க்கைச் சோதிக்கப் போகிறேன் என்று பத்து வினாடி எண்ணினால், ஏதாவது ஒரு விசையை அழுத்தி அதைத் தவிர்த்துவிடுங்கள். நலிந்த டிஸ்க்கில் அந்தச் சோதனை, காப்பி எடுப்பதற்கு முன்னால் நடக்கவே கூடாது. பப்பி லினக்ஸ் மாதிரி சின்ன லினக்ஸை சிடியில் எழுதி அதிலிருந்து பூட் செய்வது இன்னொரு வழி. 256 எம்பி ராமில் அதன் பழைய பதிப்புகள் ஓடும், இன்றைய பெரிய லினக்ஸ் எதுவும் ஓடாது. எனக்கென்னவோ டிஸ்க்கைக் கழற்றுவதுதான் இதைவிடச் சுலபம்.

டிஸ்க்கைக் கழற்றிப் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டுவது

பக்கத்துக்கு இரண்டு ஸ்க்ரூ. கழற்றினதும் பின்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு வரிசையாகச் சீப்புப் பல் மாதிரி பின்கள் இருந்தால் ஐடிஇ, எல் வடிவத்தில் தட்டையாக இருந்தால் சாட்டா. கடையில் இரண்டுக்கும் பொருந்துகிற யுஎஸ்பி கன்வர்ட்டர் கிடைக்கும். வாங்கும்போது கூடவே 12 வோல்ட் அடாப்டர் இருக்கிறதா என்று பாருங்கள். டெஸ்க்டாப்பின் மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு யுஎஸ்பியில் வரும் கரண்ட் போதாது. லேப்டாப் டிஸ்க்குக்கு அடாப்டர் வேண்டாம், யுஎஸ்பியே போதும்.

நான் மாட்டிக்கொண்டது ஜம்பரில். ஐடிஇ டிஸ்க்கின் பின்னால், பின்களுக்கும் பவர் சாக்கெட்டுக்கும் நடுவில், எள்ளுருண்டை அளவுகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் துண்டு மாட்டியிருக்கும். மாஸ்டரா ஸ்லேவா என்று அதுதான் சொல்கிறது. அது ஸ்லேவில் இருந்ததால் டிஸ்க் சுற்றுகிறது, கையில் அதிர்வு தெரிகிறது, கம்ப்யூட்டர் மட்டும் ஒன்றும் இல்லை என்று சாதிக்கிறது. டிஸ்க் செத்துவிட்டது என்று பெரியப்பாவுக்குப் போன்கூடச் செய்துவிட்டேன். ராத்திரி டிஸ்க் மேல் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து மாஸ்டருக்கு மாற்றினேன், வந்துவிட்டது. வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க் தனியாக இருந்தால் ஜம்பரே போடக் கூடாது, கழற்றிவிட வேண்டும்.

ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது

எக்ஸ்பி டிஸ்க் என்றால் டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ், விண்டோஸ் 7 என்றால் யூசர்ஸ், அதற்குள் அவரவர் பெயரில் ஃபோல்டர். பழைய பாஸ்வேர்டு போட்டிருந்தால் புதுக் கம்ப்யூட்டர் உள்ளே விடாது. கன்டினியூ என்று கேட்டால் அழுத்திவிட்டுக் காத்திருங்கள். அதிலும் வராவிட்டால் அந்த ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, ஓனர் என்று போய் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும், முழு டிரைவுக்கும் வேண்டாம். கோப்புப் பெயர்கள் பச்சை நிறத்தில் தெரிந்தால் மட்டும் விஷயம் வேறு, யாரோ அவற்றை என்கிரிப்ட் செய்திருக்கிறார்கள். அவை பழைய விண்டோஸில் அதே ஆளாக நுழைந்தால்தான் திறக்கும், ஆகவே அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பென்டிரைவ் போட்டால் ஃபார்மட் செய்யவா என்கிறது, அல்லது இடம் இருந்தும் இடமில்லை என்கிறது

இரண்டும் வேறு வேறு. முதலாவது: இப்போது விற்கும் 64 ஜிபி, 128 ஜிபி பென்டிரைவ்கள் பெரும்பாலும் கோப்புகளை எக்ஸ்ஃபேட் என்ற முறையில் அடுக்கும்படி வருகின்றன. அதற்கென்று வந்த அப்டேட் போடாத எக்ஸ்பிக்கு அது புரியாது, புரியாததையெல்லாம் ஃபார்மட் செய்யவா என்று கேட்பது அதன் பழக்கம். நோ என்று சொல்லிவிட்டு 32 ஜிபியோ குறைவாகவோ இருக்கும் ஃபேட்32 பென்டிரைவைத் தேடுங்கள்.

இரண்டாவது: ஃபேட்32இல் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. டேப்பிலிருந்து ஏற்றிய கல்யாண வீடியோ ஒரு மணி நேரத்துக்கே 13 ஜிபி வரும், அது எப்படி நுழையும்? செவன்ஜிப்பில் துண்டு துண்டாக உடைத்து எடுக்கலாம், இல்லை வெளி டிஸ்க்கைப் புதுக் கம்ப்யூட்டரில் என்டிஎஃப்எஸ் ஆக்கிக் கொண்டுவரலாம். எக்ஸ்பி அதை ஒழுங்காகப் படிக்கும், ஆனால் டிஸ்க் 2 டிபிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காப்பி நத்தை மாதிரி போகிறது

முதலில் முன்பக்க யுஎஸ்பி ஓட்டையை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் செருகுங்கள். அப்படியும் மெதுவாக இருந்தால் விண்டோஸ் எக்ஸ்பியில் சர்வீஸ் பேக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சர்வீஸ் பேக் 1 வருவதற்கு முன்பிருந்த எக்ஸ்பிக்கு யுஎஸ்பி 2 தெரியாது, போர்டில் வசதி இருந்தாலும் வினாடிக்கு 1 எம்பி கணக்கில்தான் ஓட்டும். அந்த வேகத்தில் 40 ஜிபிக்குப் பதினோரு மணி நேரம், நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். இதைவிட மோசம் ஒன்று உண்டு: டிஸ்க்கில் தவறுகள் திரும்பத் திரும்ப வந்தால் எக்ஸ்பி தானாகவே டிஎம்ஏ என்ற வேகமான முறையை விட்டுப் பிஐஓ என்ற பழைய, மெதுவான முறைக்கு இறங்கிவிடும். டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ சேனலில் அப்படித் தெரிந்தால் கேபிளோ டிஸ்க்கோ நலிகிறது என்று அர்த்தம். வேகத்தைச் சரிசெய்யாதீர்கள், டிஸ்க்கைக் கழற்றுங்கள்.

காப்பி பாதியில் நிற்கிறது, டிஸ்க் டிக் டிக் என்கிறது

சத்தம் ஒரே சீராக டிக், டிக், டிக் என்று வந்து கம்ப்யூட்டரில் டிஸ்க் தெரியவே இல்லை என்றால் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் ஒரு கீறல். உள்ளே இருப்பது பணத்தைவிடப் பெரிது என்றால் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுங்கள், இல்லையென்றால் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் ஓடும் என்று யாராவது சொல்வார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் எப்படி வேர்க்கிறது என்று பாருங்கள், டிஸ்க்குக்குள்ளும் அதுதான்.

தெரிகிறது, ஆனால் நடுநடுவே தொங்குகிறது என்றால் போராடிப் பார்க்கலாம். மவுஸால் இழுத்துப் போடுவதை விட்டுவிடுங்கள், ஒரு கோப்பு கெட்டிருந்தால் மொத்தமும் நின்றுவிடும். புதுக் கம்ப்யூட்டரின் விண்டோஸிலேயே ரோபோகாப்பி என்ற கட்டளை இருக்கிறது. அதை அப்படியே ஓட்டினால் ஒரு கெட்ட கோப்புக்கு 10 லட்சம் தடவை முயன்று பார்க்கும், ஒவ்வொரு தடவைக்கும் நடுவே 30 வினாடி காத்திருக்கும், கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒரு வருஷம். ஆர் என்ற எழுத்தில் மறுமுயற்சியை 1 என்றும், டபிள்யூ என்ற எழுத்தில் காத்திருப்பை 1 என்றும் கொடுத்துவிட்டால் கெட்டதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். வேறு எங்கும் கிடைக்காததை முதலில் எடுங்கள்: போட்டோ, கணக்கு, சொந்தமாக எழுதியது. பாட்டும் சினிமாவும் கடைசி.

ரொம்பவும் நலிந்த டிஸ்க் என்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ. அது கோப்பு கோப்பாக எடுக்காமல் டிஸ்க்கையே ஒரு நகல் எடுக்கும், நல்ல இடங்களை முதலில் வாரிக்கொண்டு கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எங்கே விட்டோம் என்று எழுதி வைத்துக்கொள்ளும் மேப் கோப்பையும் கேட்டு வாங்கிவிடுங்கள், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூலம் எது, நகல் எது என்று மட்டும் மூன்று தடவை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க்கை எடுத்து நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதிவிடும், அதற்கு மருந்தே கிடையாது. பெரியப்பா டிஸ்க்குக்கு நான்கு ராத்திரி இதுதான் ஓடியது.

மழைத் தண்ணீரில் மூழ்கிய பெட்டி

2015 வெள்ளத்திலும், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் பெண்ணையாற்றில் வந்த தண்ணீரிலும் நிறைய வீட்டுச் சிபியுக்கள் முங்கின. எல்லோரும் செய்தது ஒன்றுதான்: வெயிலில் காய வைத்து, ஒரு வாரம் கழித்து ஆன் செய்து பார்த்தது. டிஸ்க்கில் காற்று போக ஒரு சின்னத் துளை இருக்கிறது, அதன் வழியாகச் சேறு போயிருந்தால் காய்ந்து தட்டில் ஒட்டிக்கொள்ளும், ஆன் செய்ததும் தட்டைப் படிக்கும் ஹெட் அதன் மேல் உரசும். ஆன் செய்யாதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி ரெக்கவரி ஆட்களிடம் அப்படியே கொடுப்பதுதான் முறை.

பென்டிரைவில் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது

பிரவுசிங் சென்டர் காலத்து வைரஸ், பழைய பெட்டியில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஷார்ட்கட்டை அழுத்தாதீர்கள். உண்மையான ஃபோல்டர்கள் அங்கேயே மறைந்திருக்கின்றன, மறைந்த கோப்புகளையும் சிஸ்டம் கோப்புகளையும் காட்டச் சொன்னால் மங்கலாகத் தெரியும். புதுக் கம்ப்யூட்டரில் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வைரஸ் ஸ்கேனை ஓட்டிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

நெட்வொர்க் கேபிள் போட்டால் ஒன்றை ஒன்று பார்க்கவில்லை

பார்க்காது. எக்ஸ்பி பேசும் எஸ்எம்பி 1 என்ற பழைய முறையை விண்டோஸ் 10 காலத்திலேயே அணைத்துவிட்டார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் பரவியது அந்த வழியாகத்தான், திரும்ப ஆன் செய்யாதீர்கள். கூகுள் டிரைவில் ஏற்றலாம் என்றால் எக்ஸ்பியின் பிரவுசர் இப்போதைய தளங்களைத் திறக்காது. 2014 ஏப்ரல் 8க்குப் பிறகு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் வராத அந்தப் பெட்டிக்கு இன்டர்நெட் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

எல்லாம் வந்துவிட்டது, ஆனால் தமிழ் எழுத்துகள் குப்பையாகத் தெரிகின்றன

இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. டிஸ்க்கைவிட இது என்னை அதிகம் படுத்தியது.

பெரியப்பா பத்திரிகை ஒன்றைப் புதுக் கம்ப்யூட்டரில் திறந்தேன். "தமிழ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. கோப்பு கெட்டுவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். கெடவில்லை. அது பாமினி எழுத்துரு. ஜே என்ற இடத்தில் த என்ற படத்தையும், கே என்ற இடத்தில் ம என்ற படத்தையும் வைத்து ஏமாற்றுகிற வேலை அது. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வேஷம் கலைந்துவிடும். அந்தக் காலத்தில் ஆளுக்கொரு முறை இருந்தது, பாமினி, திஸ்கி, டாம், டாப், இன்னும் கம்பெனிக்கு ஒன்று. 1999இல் டாம், டாப் இரண்டையும் அரசு தரமாக்கியது, 2010இல் யூனிகோடுக்கு வந்தார்கள். அதற்கு நடுவில் அடித்ததெல்லாம் இந்தக் கதிதான்.

அதனால் காப்பி எடுக்கும்போதே விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் முழுதாக எடுத்துவிடுங்கள். மை டாக்குமென்ட்ஸை மட்டும் எடுத்துவிட்டுச் சிபியுவைக் காயலான் கடைக்குப் போட்டவர்கள் அப்புறம் அந்த எழுத்துருவை எங்கே தேடுவார்கள்? புதுக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துருவின் மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால், குப்பையெல்லாம் ஒரே நொடியில் "நிகழும் மங்களகரமான" என்று எழுந்து நிற்கும். எனக்கு அப்போது மணி இரவு ஒன்றரை, வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டலாமா என்று இருந்தது.

தேடவும் வாட்ஸ்அப்பில் அனுப்பவும் வேண்டும் என்றால் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி மாற்றிகள் இருக்கின்றன. எந்த முறையிலிருந்து மாற்றுகிறோம் என்று சரியாகச் சொன்னால்தான் வரும், ஒரு வரியை மட்டும் ஒட்டி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். மூலக் கோப்பின் மேலேயே சேமிக்காதீர்கள்.

அச்சகக்காரர்களுக்கு இன்னொரு தலைவலி, பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர். அதன் இடத்துக்கு வந்த இன்டிசைன், சிஎஸ்6 வரைக்கும் பேஜ்மேக்கர் 6, 6.5, 7 கோப்புகளைத் திறக்கும், அதற்குப் பின் வந்தவை திறக்காது. பழைய பெட்டி ஓடுகிற நிலையில் இருந்தால் முக்கியமானதையெல்லாம் அங்கேயே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். பேஜ்மேக்கர் பெரிய படங்களைத் தனக்குள் வைக்காது, எங்கே இருக்கிறது என்று மட்டும் குறித்து வைத்திருக்கும், ஆகவே பிள்ளையார் படம், குத்துவிளக்கு படம் இருக்கிற ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். சிபியு பின்னால் தமிழ் மென்பொருளுக்கான டாங்கிள் (அது இல்லாமல் மென்பொருள் ஓடாத சாவி) செருகியிருந்தால் அதையும் பிடுங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

எல்லாம் வந்ததா என்று சந்தேகமாக இருக்கிறது

இரண்டு பக்கமும் ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, எத்தனை கோப்பு, எத்தனை பைட் என்று ஒப்பிடுங்கள். சைஸ் ஆன் டிஸ்க் என்ற வரி ஒத்துப் போகாமல் இருக்கலாம், அதை விட்டுவிடுங்கள். எண்ணிக்கை ஒத்தாலும் அங்கங்கே பத்துக் கோப்பைத் திறந்தே பாருங்கள், போட்டோ பாதிக்குமேல் சாம்பல் நிறமாக இருந்தால் அது முழுசாக வரவில்லை. கணக்கு மென்பொருள் என்றால் டேட்டா ஃபோல்டரோடு, மென்பொருளுக்குள்ளிருந்தே ஒரு பேக்கப்பும் எடுத்து, புதுக் கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து ஒரு லெட்ஜரையாவது திறந்து பாருங்கள். அப்புறம் இன்னொரு டிஸ்க்கில் இரண்டாவது நகல், அதை வேறொரு வீட்டில் வையுங்கள். தானே புயலிலும் ஃபெஞ்சலிலும் ஒரே அலமாரியில் இரண்டையும் வைத்திருந்தவர்கள் எனக்குத் தெரியும்.

காயலான் கடைக்குப் போகும்போது சிபியுவை மட்டும் போடுங்கள், டிஸ்க்கைப் போடாதீர்கள். பெரியப்பா டிஸ்க்கில் 212 கோப்பு வரவில்லை, பட்டியலை அச்சடித்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார், அதில் நான்கு பெயரைப் பார்த்து "இவங்க இன்னும் பாக்கி தரணும்" என்றார்.